நிஜ ஆபீஸில் நான்கு நாள்

“நீங்க இருக்கீங்களா இல்லையாங்கறது பிரச்சினையே இல்ல, பாருங்க. எப்படி இருக்கீங்க, அதுலதான் பிரச்சினை.”

“நல்லாத்தான் இருக்கேன் மேடம்.”

“அதைக் கேக்கல. காலைல அஞ்சு பத்துக்கு அடுகோடி ஸ்டாப்ல பஸ் ஏறுறீங்க. ஆறு அம்பத்திரெண்டுக்கு பீன்யாவில ஃபேக்டரி கேட்ல விரல் வெக்கறீங்க. ஒன்பதரைக்கு ஒரு டீ, போன்ல பணம் போடறீங்க. மூணு முப்பத்தி நாலுக்கு மறுபடியும் விரல். சனிக்கிழமையும் இதேதான். அதுக்கு முந்தின நாளும் இதேதான். ஃபேக்டரியில விரல் மெஷின் வெச்ச நாள்ல இருந்து இதேதான் இருக்கு.”

“ஆமா மேடம்,” என்றார் சின்னப்பா. அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. கம்பெனியில் யாரும் அவரை இவ்வளவு விவரமாகப் பாராட்டியதில்லை. “ஒரு நாள் லேட் கிடையாது. கொரோனா டைம்லதான் போகல. அதுகூட அவங்களே வராதன்னு சொன்னதால.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ரக்ஷிதா கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பச்சைக் கோடு ஒன்று ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி, திரையின் மறு ஓரம் வரை கோலப்புள்ளிபோலப் பிசகாமல் போய்க்கொண்டிருந்தது.

“மனுஷங்களுக்குக் கோடு இப்படி வராது. இது ரிபீட்ல ஓடுது. நீங்க பின்னணி நபர்.”

சின்னப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே வேறு யாரையாவது சொல்கிறாளோ என்று.

இது என்ன ஆபீஸ் என்று இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஏழு நிபுணர்கள் கொண்ட குழு ஒன்று நான்கு ஆண்டு உட்கார்ந்து ஆயிரத்து நூறு பக்கத்தில் ஓர் அறிக்கை கொடுத்தது. நாம் வாழும் இந்த உலகம் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டருக்குள் ஓடிக்கொண்டிருப்பதற்கான வாய்ப்பை மறுக்க இயலாது என்பது அதன் சாரம். வேறு ஊராக இருந்தால் மக்கள் கதறியிருப்பார்கள். பெங்களூரு கதறவில்லை. ஊரில் பாதிப் பேர் காலை முதல் மாலை வரை கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறார்கள். மிச்சமிருக்கும் உலகமும் அதற்குள்தான் என்றால் போக்குவரத்து குறையும் என்று நினைத்தார்கள். குறையவில்லை. அரசாங்கத்தால்தான் சும்மா இருக்க முடியவில்லை. உலகம் பொய்யாக இருக்கலாம், அதற்காக நிர்வாகம் நின்றுவிட முடியுமா? மெய்ம்மைச் சரிபார்ப்பு இயக்குநரகம் என்ற ஒன்றைத் திறந்தார்கள். ஊரில் எல்லோரும் அதை நிஜ ஆபீஸ் என்றார்கள்.

அறிக்கையின் எழுநூற்றுப் பதினாறாம் பக்கத்தில் ஒரு கணக்கு இருந்தது. ஒன்றரைக் கோடிப் பேருக்கும் தனித்தனியாக மூளை வைத்து ஓட்டுவதென்றால் எந்தக் கம்ப்யூட்டரும் சூடாகிவிடும். ஆகவே மேலே இருந்து ஓட்டுகிறவர் சிலரை மட்டும் முழுதாகச் செய்துவிட்டு, மற்றவர்களைத் தெருவை நிரப்புவதற்காகச் செய்திருப்பார். முழுதாகச் செய்யப்பட்டவர் முழு நபர். தெருவை நிரப்பச் செய்யப்பட்டவர் பின்னணி நபர். முழு நபர்களின் கையெழுத்து மட்டுமே இனி செல்லும்.

சின்னப்பாவுக்கு வேண்டியது அந்தக் கையெழுத்துதான். அவருடைய மனைவி காந்தா அரசு மருத்துவமனையில் படுத்திருந்தாள். பித்தப்பையில் கல், பை பழுத்துவிட்டது என்றார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். அதற்கு முன் சம்மதப் படிவத்தில் கணவனோ நெருங்கிய உறவோ கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தவர் முழு நபராக இருக்க வேண்டும். வெள்ளி தவறினால் அடுத்த தேதி ஒன்றரை மாதம் கழித்து. பை அதுவரை பொறுக்காது என்று டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இன்று திங்கள்.

“டெஸ்ட் ஒண்ணு இருக்கு,” என்றாள் ரக்ஷிதா. அவளுக்கு இரக்கம் இருந்தது. அதற்கான கட்டம்தான் படிவத்தில் இல்லை. “பாஸ் ஆனா இப்பவே சர்ட்டிபிகேட். ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க. யோசிக்கக் கூடாது.”

“நாலு.”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“நாலு.”

“வேற சொல்லலாம் அல்லவா?”

“முதல்ல நாலுன்னுட்டேனே மேடம். இப்ப ஆறுன்னா, அப்ப சொன்னது பொய்யாயிடாதா?”

‘சுயசிந்தனைக்கான அறிகுறி இல்லை’ என்று ரக்ஷிதா தட்டச்சு செய்தாள். அவருக்குப் புதன்கிழமை விசாரணை என்று ஒரு சீட்டு வந்தது.

செவ்வாய் மாலை ஷிஃப்டு முடிந்து நேரே மருத்துவமனைக்குப் போனார். காந்தா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“யோவ், இன்னா சொன்னாங்க?”

“நான் ரிபீட்ல ஓடறேனாம்.”

“அத நான் கல்யாணமான மாசமே சொன்னேன். சர்ட்டிபிகேட் எங்க?”

காந்தா முழு நபர், முதல் வகுப்பு. மார்ச் மாதம் அவர்கள் தெருவில் நிஜ ஆபீஸ் முகாம் போட்டபோது சரிபார்ப்பாளர்கள் இரண்டு பேர் செருப்புக் காலோடு வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். முப்பத்தைந்து நிமிடம் காந்தா அவர்களைத் திட்டினாள். ஒரு சொல்கூட இரண்டாம் முறை வரவில்லை. நடுவில் கன்னடத்துக்குப் போய், உருதுவில் ஒரு சுற்று சுற்றி, மறுபடியும் தமிழுக்கு வந்தாள். வாசலிலேயே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு ஓடிப்போனார்கள். அன்று சின்னப்பா வேலைக்குப் போயிருந்தார். எப்போதும் போல.

“நீயே உனக்குப் போட்டுக்க முடியாதா?”

“கேட்டேன்யா. மயக்கத்துல கீற ஆளு எப்படிப் பொறுப்பு ஏத்துக்குவீங்கன்றாங்க.”

“ஓசூர்ல உன் தங்கச்சி?”

“அவ வூடு எல்லைக்கு அந்தாண்ட கீது. அந்த ஸ்டேட்டு நிஜமான்னு இன்னும் முடிவு பண்ணலையாம். ஃபைல் டெல்லிக்குப் போயிருக்குதாம்.” காந்தா சிரிக்கப் போனாள். பாதியில் வலி வந்துவிட்டது. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவளுடைய பின்கழுத்தில் வியர்வை துளித்துளியாகப் பூத்ததைச் சின்னப்பா பார்த்துக்கொண்டு நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் செருப்பை எடுத்து நேராக வைத்தார். வலி போனதும் அவள் தலை நிமிராமலே சொன்னாள்: “டிவி மேல உன் கேடயம் கீதே, அத எடுத்துனு போ. பத்தொம்போது வருசம் ஒரு நாள் தவறாத ஆளுன்னு அவங்களுக்குத் தெரியட்டும். நாலெழுத்து படிச்சவங்கதானே. மரியாதை குடுப்பாங்க.”

சின்னப்பாவுக்கும் அது சரி என்றே பட்டது. அவர் மில்லிங் மெஷின் ஆபரேட்டர். தண்ணீர்ப் பம்புக்கு வால்வு மூடி செய்கிறவர். ஒரு நாளைக்கு நானூற்று இருபது மூடி. நானூற்று இருபதும் ஒன்றைப்போல ஒன்று இருக்க வேண்டும். தலைமுடி அளவு மாறினாலும் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். மாறாமல் இருப்பதற்குத்தான் உலகத்தில் கேடயம் கொடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்த ஒரே நியாயம்.

புதன்கிழமை அரை நாள் அனுமதி கேட்டுக்கொண்டு, கேடயத்தைத் துணிப்பையில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு விசாரணைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கதவோரம் அட்டெண்டர் ஹெர்பர்ட் நின்றிருந்தார். ஓய்வு பெற ஆறு மாதம் பாக்கி உள்ள மனிதர்.

“இன்னா நைனா, பையில பிரியாணியா?”

“கேடயம்ணே.”

“வெளிய எடுக்காத,” என்றார் ஹெர்பர்ட். ஏன் என்று கேட்பதற்குள் இணை இயக்குநர் பாலசுப்ரமணியன் உள்ளே வந்துவிட்டார்.

பாலசுப்ரமணியன் திருச்சிக்காரர். பன்னிரண்டு ஆண்டு மென்பொருள் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்த்துவிட்டு, பிழைகளைத் தேடுவதற்கு இன்னும் பெரிய இடமாக வேண்டும் என்று இங்கே வந்தவர். தினமும் பத்தரை மணிக்கு விசாரணைக்கு வந்தவர்களுக்கு ஒரு வரவேற்புரை ஆற்றுவார்.

“யாரும் பயப்பட வேணாம்,” என்று தொடங்கினார். “பேசிக்கலி, இந்த இயக்குநரகம் யாரையும் இல்லைன்னு சொல்றதில்ல. இருக்கறதுக்கு ஆதாரம் போதலைன்னுதான் சொல்றோம். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. பின்னணி நபரா இருக்கறது ஒரு குறை கிடையாது. ஒரு ஊருக்குக் கூட்டம் வேணும். பஸ்ல நிக்க ஆள் வேணும். ஓசூர் ரோட்ல நூறு வண்டி நகராம நிக்குதே, ஏன்? அதை நகர்த்தறதுக்கு மேல இருக்கற கம்ப்யூட்டருக்குச் செலவு. அந்த வண்டியில இருக்கறவங்க எல்லாம் நமக்காக நின்னு, நமக்குக் கிடைக்க வேண்டிய மெமரியை மிச்சப்படுத்திக் குடுக்கறாங்க. அவங்களை நான் தினமும் மனசுக்குள்ள வணங்கறேன். என் வண்டிக்கு மட்டும் ஏன் வழி விடறாங்கன்னு கேப்பீங்க. வண்டி மேல சுழல்விளக்கு இருக்கு. எல்லாத்துக்கும் ஒரு லாஜிக் உண்டு.”

கதவோரம் ஹெர்பர்ட்டின் உதடுகள் சத்தமில்லாமல் ஒவ்வொரு சொல்லுக்கும் அசைந்துகொண்டிருந்தன. ‘லாஜிக் உண்டு’ என்ற இடத்தில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மூச்சு வாங்கினார்கள்.

சின்னப்பாவின் முறை வந்தது.

“உங்க தரப்புல ஏதாவது சொல்லணுமா?”

சின்னப்பா பையைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு முன்னால் போனார். காந்தா பின்கழுத்தின் வியர்வை ஞாபகத்துக்கு வந்தது. ஹெர்பர்ட் தலையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டுவதைக் கவனிக்காமல், பையிலிருந்து கேடயத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். பித்தளை நிறப் பூச்சு. நடுவில் ஒரு கடிகாரப் படம். ‘பத்தொன்பது ஆண்டுகள் ஒரு நிமிடம்கூடத் தவறாதவர்’ என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது.

பாலசுப்ரமணியன் மெல்ல எழுந்து நின்றார். சுற்றி வந்து கேடயத்தைக் குனிந்து பார்த்தார்.

“ரக்ஷிதா... போட்டோ எடு. எல்லாப் பக்கமும் எடு. நாலு வருஷமா தேடிக்கிட்டிருக்கோம்மா இதை. கணக்கு, சென்சார், கோடு எல்லாம் ஊகம்தான். ஆனா ஒரு பின்னணி நபர், தானே, தன் கையால, தான் ரிபீட்டுன்னு எழுத்துப்பூர்வமா...” அவர் சின்னப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நீங்க செஞ்சிருக்கறது எவ்வளவு பெரிய சேவைன்னு உங்களுக்குத் தெரியாது. தெரியறதுக்கான வசதி உங்களுக்குள்ள வெக்கலை. அது உங்க தப்பில்ல.”

“சார், வெள்ளிக்கிழமை என் சம்சாரத்துக்கு ஆபரேஷன். கையெழுத்து...”

“கேடயத்தை வரவேற்பறையில கண்ணாடிப் பெட்டியில வைங்க. ஸ்பாட்லைட் வேணும்,” என்றார் பாலசுப்ரமணியன் ஹெர்பர்ட்டிடம்.

சின்னப்பாவுக்குக் கோபம் சுலபத்தில் வராது. வந்தாலும் கேள்வியாகத்தான் வரும். “சார், நீங்களும் தெனம் பத்தரைக்கு இதே பேச்சுதானே பேசறீங்க? வந்து உக்காந்த எல்லாரும் சொல்றாங்களே.”

பாலசுப்ரமணியன் புன்னகைத்தார். “நல்ல கேள்வி. சட்டம் நாலாம் பிரிவு. இயக்குநரகத்தில் பணியாற்றுபவர் பதவியின் காரணமாகவே முழு நபராகக் கருதப்படுவார். நாங்க ஒண்ணையே திருப்பிச் சொன்னா அதுக்குப் பேரு நடைமுறை.”

போகும்போது ஒரு வழி சொன்னார். ஆறாம் நம்பர் படிவம். எதிர்பாராத செயல் ஒன்றைச் செய்து காட்டினால் மறுபரிசீலனை உண்டு. என்ன எதிர்பாராத செயல், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று ஒரு நாள் முன்னதாக எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிட வேண்டும்.

சின்னப்பா படிவத்தை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். ரக்ஷிதா கண்ணாடிக்குள்ளிருந்து மெதுவாக, “நிறைய ஜனங்க பின்பக்கமா நடந்து காட்டறாங்க,” என்றாள். அவருக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கடைசியில் தன் வாழ்க்கையிலேயே பெரிய அக்கிரமம் எது என்று யோசித்து எழுதினார்: ‘நாளை பஸ்ஸில் வழக்கம்போல் போவேன். பீன்யாவில் இறங்க மாட்டேன்.’

வியாழக்கிழமை காலை ஐந்து பத்துக்கு ஏறினார். இன்றைக்குத்தான் ஊர் எப்படி இருக்கிறது என்று கவனித்தார். முன் சீட்டில் ஒரு பெண் பஸ்ஸுக்குள் குடை விரித்து உட்கார்ந்திருந்தாள். ஒருவர் வலது காலில் ஷூவும் இடது காலில் ரப்பர் செருப்பும் போட்டிருந்தார். மெஜஸ்டிக்கில் பஸ் மாறும்போது பிளாட்பாரம் முழுக்க ஆட்கள் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் இடித்து, ‘ஸாரி, ஸாரி’ என்றார்கள். எல்லார் சட்டைப் பையிலும் மடித்த ஆறாம் நம்பர் படிவம் எட்டிப் பார்த்தது. ஒருவரும் இரவு தூங்கிய முகமாக இல்லை.

பீன்யா வந்தது. சின்னப்பாவின் கால்கள் தாமாகவே எழுந்தன. கம்பியைப் பிடித்து, உடம்பை இழுத்து உட்கார வைத்தார். ஜன்னலுக்கு வெளியே அவரோடு வேலை செய்கிறவர்கள் கேட்டைப் பார்த்து நடந்தார்கள். பஸ் கிளம்பிவிட்டது. ஆறு ஐம்பத்திரண்டுக்கு வலது கை ஆட்காட்டி விரல் தனியாக அரிக்கத் தொடங்கியது. கடைசி ஸ்டாப்பில் இறங்கி, எங்கே போவதென்று தெரியாமல் ஒரு புங்கமரத்தடியில் நின்றார். உட்கார்ந்தார். எழுந்தார். மெஷின் இந்நேரம் யாரிடம் இருக்கும், எண்ணெய் விட்டிருப்பானா என்று நினைத்தார். நிற்கப் பிடிக்காமல் மரத்தையே நாலைந்து முறை சுற்றினார். சுற்றுவதும் ரிபீட்தானே என்று பயந்து நிறுத்திக்கொண்டார். மத்தியானம் ஆனதும் அடுத்த பஸ் பிடித்து நிஜ ஆபீஸுக்கு ஓடினார்.

“பீன்யால இறங்க மாட்டேன்னு எழுதினீங்க,” என்றார் பாலசுப்ரமணியன், படிவத்தைப் பார்த்து. “எழுதின மாதிரியே இறங்கலை. இதுல எதிர்பாராதது எங்க இருக்கு?”

சின்னப்பா எட்டிப் படிவத்தைப் பார்த்தார்.

“அப்ப இறங்கியிருந்தா சார்?”

“இறங்கியிருந்தா வழக்கம்போல இறங்கினதா ஆயிருக்கும்.”

“சார், விடிஞ்சா அவளுக்கு ஆபரேஷன். பை பழுத்துப்போச்சு. உள்ளயே வெடிச்சிடும்றாங்க.”

“எனக்குப் புரியுது. மனசுக்குக் கஷ்டமாதான் இருக்கு. ஆனா இப்படி யோசிச்சுப் பாருங்க, பேசிக்கலி, நீங்க படற கஷ்டம் உண்மையான கஷ்டம்தானான்னே நாம இன்னும் உறுதி செய்யலை. அது எவ்வளவு ஆறுதலான விஷயம்!” அவர் ஒரு முத்திரையைக் குத்தினார். “மேல்முறையீடு வேணும்னா மேல போகலாம்.”

“மூணாவது மாடியா சார்?”

“அதுக்கும் மேல,” என்று பாலசுப்ரமணியன் விட்டத்தைக் காட்டினார்.

மேல்முறையீட்டு அறை மொட்டை மாடியில் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டு, நாலு பக்கமும் வெள்ளையடித்த அறை. ஒரு நாற்காலி, ஒரு மைக், கூரையிலிருந்து கீழே பார்க்கும் ஒரு கேமரா. அதற்கும் மேலே என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துப் பேச வேண்டும். சுவரில் விதிகள் ஒட்டியிருந்தன. மனுதாரர் ஒரே ஒரு கோரிக்கை வைக்கலாம். அறுபது வினாடிக்குள் முடிக்க வேண்டும். உலகத்தை நிறுத்தச் சொல்லக் கூடாது. மழை சம்பந்தமான மனுக்கள் வேறு துறை.

ஹெர்பர்ட் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கையில் ஓர் அச்சடித்த அட்டையைக் கொடுத்தார். ‘மாண்புமிகு இயக்குபவர் அவர்களுக்கு, அடியேனை முழு நபராக அறிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்’ என்று இருந்தது.

“தமிழ்ல பேசலாமாண்ணே?”

“பேசு நைனா. அவருக்கு எந்தப் பாஷை தெரியாதுன்னு இன்னும் முடிவாகல. கமிட்டி உக்காந்துனு கீது.”

“இதுவரைக்கும் எத்தினி பேரு பேசியிருப்பாங்க?”

“எட்டாயிரத்துக்கு மேல.”

“பதிலு?”

“வரல. முடியாதுன்னும் வரல. சாரு அதைத்தான் ‘பரிசீலனையில் உள்ளது’ன்னு எழுதி எழுதி வெக்கறாரு.” ஹெர்பர்ட் கதவு வரை போனவர் நின்றார். “நானும் போன வருசம் ஒரு தபா யாரும் இல்லாத நேரத்துல உள்ள வந்து பேசினேன். பேசினப்புறம் நல்லா தூக்கம் வந்துச்சு. அவ்ளோதான் சொல்ல முடியும்.”

கதவு மூடிக்கொண்டது. மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சின்னப்பா அட்டையைப் பார்த்தார். எழுத்துகள் தெரிந்தன, வாய்க்கு வரவில்லை. அதை நாற்காலியின் மேல் வைத்துவிட்டு எழுந்து நின்றார். மேலதிகாரியிடம் உட்கார்ந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை.

“அண்ணே,” என்றார் கூரையைப் பார்த்து. “நானும் மெஷின்ல நிக்கற ஆளுதான். மில்லிங். மெஷினை ஓடவுட்டுட்டு நாங்களும் நடுவுல டீக்குப் போவோம். தப்பு ஒண்ணும் இல்ல, எல்லாரும் போறதுதான். நீங்களும் அப்படி எங்கயாச்சும் போயிருப்பீங்க. குடிச்சிட்டே வாங்க, அவசரமில்ல.”

அவசரமில்லை என்று சொன்னது தவறு என்று உடனே தோன்றியது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“இல்லண்ணே, அவசரம்தான். காலைல ஒன்பது மணி. என்னப் பின்னணின்றாங்க. இருக்கட்டும், எனக்கு அது ஒண்ணும் பெரிசா தெரியல. ஆனா அவ முழு ஆளுண்ணே. அவளுக்கு சர்ட்டிபிகேட் கீது. அவ திட்டி நீங்க கேட்டிருக்கணும், அப்பத் தெரியும். அவ்ளோ வேலை பண்ணி ஒரு பீஸை முடிச்சிட்டு, ஒரு சின்னக் கல்லுக்காக யாராச்சும் தொட்டியில தூக்கிப் போடுவாங்களா?”

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சம்மதப் படிவத்தை எடுத்துப் பிரித்தார். வியர்வையில் மடிப்பு ஈரமாகியிருந்தது. பேனா மூடியைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, படிவத்தை வலது கையிலும் பேனாவை இடது கையிலுமாகப் பிடித்து, கேமராவுக்கு எட்டும்படி நுனிக்காலில் எக்கி நின்று உயர்த்தினார். பிறகு மூடியைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

“நான் போட்டா செல்லாதாம்ண்ணே. இதோ, கீழ இந்தக் கோடு கீதுல்ல... இதுக்கு மேல நீங்க ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க.”